கேலனுக்கு ஐந்து மைல் என்று நான் எழுதியது தவறு

திருவண்ணாமலை, செங்கம் ரோடு,
விளம்பி வருஷம் ஆவணி 22, ஞாயிறு.

வேலூர் மகா-ள-ள-ஸ்ரீ ஏகாம்பரநாதன் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை தர்மாம்பாளின் புருஷனும், சர்வே இலாகாவில் முப்பத்தொரு வருஷம் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவனுமான சம்பந்தமூர்த்தி மிகுந்த பணிவுடன் எழுதிக்கொள்வது. அண்ணாமலையார் கிருபையில் இங்கே நான் சௌக்கியம். தங்கள் தங்கை, முழங்கால் நீங்கலாக, சௌக்கியம். கார் சகல பாகங்களோடும் பரம சௌக்கியம். அங்கே தாங்களும், வீட்டில் அனைவரும், தங்கள் புதிய பெரிய காரும் அவ்வண்ணமே இருக்கப் பிரார்த்திக்கிறேன்.

தங்கள் கடிதம் வியாழக்கிழமைத் தபாலில் கிடைத்தது. கேலனுக்கு ஐந்து மைல் ஓடும் காரை வைத்துக்கொண்டு ஓய்வூதியக்காரர் என்ன செய்வார் என்று இரக்கப்பட்டு, அதைப் பழைய இரும்புக் கடைக்காரரிடம் பேசி முடித்துவிட்டதாகவும், வருகிற புதன்கிழமை ஆள் வந்து கயிறு கட்டி இழுத்துப்போவான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆடி மாதம் நான் எழுதிய கடிதம்தான் இத்தனைக்கும் காரணம். அந்தக் கடிதத்தைக் கமா, புள்ளி உட்பட வாபஸ் வாங்குகிறேன். கார்மேல் ஒரு குற்றமும் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன், தயவுசெய்து கடைசி வரை படிக்கவும், பாதியில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைக்க வேண்டாம்.

போன தை மாதம் தாங்கள் பெரிய கார் வாங்கியபோது, தங்கைக்கு முழங்கால் வலி, அவள் வெளியே போய்வர ஆகட்டும் என்று இந்தச் சின்னக் காரை எங்களிடம் விட்டுப் போனீர்கள். நம் கீழ்பென்னாத்தூர் நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் முருகையன் பட்டாளத்தில் லாரி ஓட்டியவன் ஆனதால் டிரைவர் பிரச்சினையும் தீர்ந்தது. மைல் காட்டும் முள் தங்களிடம் இருக்கும்போதே நின்றுபோயிருந்தது தங்களுக்கே தெரியும். அது ஓடினாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். இந்தத் தாலுகாவின் ரோடுகளை அளந்தவனே நான் இருக்கும்போது, கடியாரம் மாதிரி ஒரு டப்பா எனக்கு மைல் சொல்வதாவது? ஆகவே வீட்டிலிருந்து மார்க்கெட் அரை மைல், போய்வர ஒரு மைல் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். தங்கள் தங்கை வாரத்துக்கு நாலு தடவை மார்க்கெட்டுக்குப் போவாள். அப்படி ஐந்து தடவை போய்வந்தால் ஒரு கேலன் தீர்ந்துவிடும். ஐந்து மைலுக்கு ஒரு கேலன். யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பார்களே, அதுபோல எவ்வளவு ஊற்றினாலும் காணவில்லை.

ஒழுகுகிறதோ என்று பார்க்க, காருக்கு அடியில் என் வெள்ளை வேட்டியை விரித்து வைத்தேன். வேட்டியில் ஒரு சொட்டுக் கறை கிடையாது, ஆனால் கார் நிற்பது மாட்டுக் கொட்டகையில் ஆதலால் கன்றுக்குட்டி வேட்டியைப் பாதி தின்றுவிட்டது. பிறகு பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெக்கானிக் சுப்பிரமணியைக் கூப்பிட்டேன். அவன் இரண்டு நாள் இஞ்சினைக் கழற்றிச் சாக்கில் பரப்பி, ஊதி, துடைத்து, திரும்பப் பூட்டினான். மூன்று திருகாணி மிச்சம் வந்தது. "இது எங்க போவுதுப்பா?" என்றேன். "அது இல்லாமலே ஓடுதுங்களே சார், அப்புறம் எதுக்கு?" என்றான். மச்சான், மூன்று திருகாணி இல்லாமலே ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆகிற வண்டியை எந்த ஊரிலாவது பார்த்திருக்கிறீர்களா? அதைத்தான் தாங்கள் இரும்புக் கடைக்குப் போடப் பார்க்கிறீர்கள்.

அதன் பிறகு எனக்கு முருகையன்மேல் சந்தேகம் விழுந்தது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆபீசில் பிளான் கட்டுகளுக்கு முத்திரை வைத்த அனுபவத்தில், பெட்ரோல் மூடிக்கும் அரக்கு முத்திரை வைத்துவிடலாம் என்று மெழுகுவர்த்தியும் அரக்குக் குச்சியுமாகக் காருக்குப் பின்னால் போய்க் குந்தினேன். தங்கள் தங்கை தற்செயலாக வந்து பார்த்து, வாளித் தண்ணீரை மெழுகுவர்த்திமேலும் என்மேலும் சேர்த்து ஊற்றினாள். "பெட்ரோலுக்குப் பக்கத்துல நெருப்பு கொளுத்தறீங்களே, உங்களை எவன் ஆபீஸுல வெச்சிருந்தான்?" என்றாள். பிறகு கோந்து தடவிக் காகிதம் ஒட்டிக் கையெழுத்துப் போட்டேன். முருகையன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றான். காகிதம் ஒட்டினபடியே இருந்தது. பெட்ரோல் மட்டும் முன்போலவே தீர்ந்தது. இனி பேயோட்டுகிறவனைத்தான் கூப்பிட வேண்டும் என்ற நிலையில்தான் தங்களுக்கு அந்தக் கடிதத்தை எழுதித் தொலைத்தேன்.

உண்மை வெளியானது போன திங்கட்கிழமை. பென்ஷன் வாங்கக் கஜானாவுக்குப் போக வேண்டும், அதுவும் மார்க்கெட்டை ஒட்டித்தான். வழக்கமாக நடந்தே போவேன். அன்று மழை தூறியதால் காரில் ஏறினேன். கேட்டைத் தாண்டியதும் முருகையன் கிழக்கே திரும்பாமல் மேற்கே திருப்பினான்.

"ஏம்பா, ஊர் அந்தப் பக்கம் இருக்குது, நீ செங்கத்துக்கா போற?"

"இல்லீங்க, கஜானாவுக்குத்தான்."

"கஜானா பின்னால இருக்குதே."

"தெரியுமுங்க. அம்மா உத்தரவு. மலை எப்பவும் வலது கைப் பக்கமாவே இருக்கணுமாம். ஊருக்குப் போறதுன்னா இப்பிடியே சுத்திக்கினு போயிடணும்னு மொத நாளே சொல்லிட்டாங்க."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். விஷயம் புரிகிறதா? எங்கள் வீடு மலையைச் சுற்றும் ரோட்டில் இருக்கிறது. மார்க்கெட் அரை மைல் கிழக்கே. கிழக்கே நேராகப் போனால் மலை இடது கைக்கு வந்துவிடும், அதாவது மலையை அப்பிரதட்சிணமாகச் சுற்றியதாகும். அது பாவம். ஆகவே தங்கள் தங்கை அரை ரூபாய்க் கத்தரிக்காய் வாங்க மேற்கே கிளம்பி, அடிஅண்ணாமலை வழியாக மலையை முழுக்கச் சுற்றி, வடக்காக வந்து ஊருக்குள் நுழைந்து, மார்க்கெட்டை முடித்து அரை மைலில் வீடு சேர்ந்திருக்கிறாள். மொத்தம் எட்டு மைல் ஐந்து பர்லாங்கு. அதை நான் ஒரு மைல் என்று எழுதியிருக்கிறேன். எட்டு மாதமாக. இந்தத் தாலுகாவை அளந்தவன்.

ஏன் நேரமாகிறது என்று ஒரு நாளாவது கேட்டிருக்கக் கூடாதா என்று தாங்கள் கேட்கலாம். பெண்கள் மார்க்கெட்டுக்குப் போனால் நேரமாகும் என்று என் கல்யாண நாளிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

முருகையனிடம் மன்னிப்புக் கேட்டேன். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேனுங்க. நீங்க கேக்கவேயில்ல, காயிதம்தான் ஒட்னீங்க" என்றான். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று படித்தது பள்ளிக்கூடத்தோடு போய்விட்டது. வீட்டுக்கு வந்து தங்கள் தங்கையைக் கேட்டேன். நடந்துபோகிறவர்கள் தினமும் மார்க்கெட்டுக்கு நேராகத்தானே போகிறார்கள், காருக்கு மட்டும் என்ன சட்டம் என்றேன்.

"நடந்து போனா வேலைக்குப் போறோம். வண்டியில உக்காந்துக்கினு, மலையைப் பாத்துக்கினே போறப்போ அதை வேலைனு எப்பிடிங்க சொல்றது?" என்றாள்.

அப்போதுதான் கவனித்தேன், காரில் போகும் நாட்களில் அவள் செருப்பை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறாள். மச்சான், தங்களுக்குத் தெரியாததல்ல. இருபத்தாறு வருஷம் ஒரு பௌர்ணமி தவறாமல் மலையை நடந்து சுற்றியவள். இரண்டு வருஷமாக முழங்கால் விடவில்லை. பௌர்ணமியன்று ஜனங்கள் எங்கள் வாசல் வழியாகப் போகும்போது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பாள். நான் அதைத் தலைவலி என்று நினைத்தேன். தை மாதத்திலிருந்து தலைவலி இல்லை, சிடுசிடுப்பு இல்லை, எனக்கு இரண்டாவது காப்பி கேட்காமலே வருகிறது. என்ன காரணம் என்று எனக்கு ஐந்து மைல் நோட்டில் தெரியவில்லை. அன்றைக்குத்தான் தெரிந்தது.

இந்தச் சமயத்தில்தான் வியாழக்கிழமை தங்கள் கடிதம் வந்தது. அவளிடம் புதன்கிழமை சமாசாரத்தைச் சொன்னேன். "அண்ணன் வண்டி, அண்ணன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குள் போனவள் சாயங்காலம் வரை வெளியே வரவில்லை. ஆகவே காரின் யோக்கியதையைத் தங்களுக்கு ருசுப்படுத்துவது என் கடமை ஆயிற்று. நேற்று சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு, பெட்ரோலை முழுக்க வடித்துவிட்டு, முத்திரை போட்ட அளவுப் பாத்திரத்தால் ஒரே ஒரு கேலன் ஊற்றினோம். நான், முருகையன், தங்கள் தங்கை, பாரத்துக்காகவும் சாட்சிக்காகவும் பக்கத்து வீட்டுக் கஸ்தூரி அம்மாள். அந்த அம்மாள் பாரத்துக்குக் குறை வைக்காதவர்கள். பர்லாங்கு பர்லாங்காக நானே அளந்த ரோடு மலையைச் சுற்றும் ரோடு ஒன்றுதான் என்பதால், பெட்ரோல் தீரும் வரை அதிலேயே சுற்றுவது என்று முடிவு.

இதில் ஒரு சங்கடம். தங்கள் தங்கை ஒவ்வொரு லிங்கத்தண்டையும் நிறுத்தச் சொன்னாள். பெட்ரோல் பரீட்சையில் நிறுத்தி நிறுத்திக் கிளப்பினால் கணக்குக் கெட்டுவிடும் என்றேன். "சாமியைப் பாத்தும் பாக்காத மாதிரி போறதுக்குப் பேரு பரீட்சையா?" என்றாள். நிறுத்தினோம். இரண்டாம் சுற்றில் ஜனங்கள் கவனிக்க ஆரம்பித்தார்கள். மூன்றாம் சுற்றில் டீக்கடைக்காரர் குறுக்கே வந்து, "இன்னா பிரார்த்தனைங்க, எத்தினி சுத்து?" என்று கேட்டார். "பெட்ரோல் தீர்ற வரைக்கும்" என்றேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான்காம் சுற்றில் யாரோ முன்பக்கம் ஒரு சாமந்தி மாலையைச் சாத்திவிட்டார்கள், அடிஅண்ணாமலையில் மோர் கொடுத்தார்கள், ஒரு அம்மாள் கற்பூரத்தோடு வந்தபோது மட்டும் நான் கீழே இறங்கிக் கும்பிட்டுத் தூரத்திலேயே நிறுத்தினேன்.

ஐந்தாம் சுற்றில் ஊருக்குள் நுழைந்து பூத நாராயணர் கோயிலுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் கார் இரண்டு தடவை இருமி நின்றது. நாற்பத்திரண்டு மைல், மச்சான். நான்கு பேர், கஸ்தூரி அம்மாள் உட்பட, கப்பி ரோடு, முப்பத்தெட்டு இடத்தில் நின்று புறப்பட்டு, மூன்று திருகாணி இல்லாமல், ஒரு கேலனுக்கு நாற்பத்திரண்டு மைல். மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்பது இதற்குத்தான் பொருந்தும். பெட்ரோலை இது குடிப்பதில்லை, மோந்து பார்க்கிறது, அவ்வளவுதான்.

இது தவிர இதன் மற்ற குணங்களையும் சொல்ல வேண்டும். பின் சீட்டை எடுத்துவிட்டால் கீழ்பென்னாத்தூரிலிருந்து இரண்டு மூட்டை வேர்க்கடலை பின்னால் அப்படியே உட்கார்ந்துகொள்கிறது. தேரடித் தெருவில் மாட்டு வண்டிகளுக்கு நடுவே புகுந்து வருகிறது, ஒரு மாடுகூட மிரளாது, சக மாடு என்றே நினைக்கின்றன. பசுவும் கன்றும் நிற்கும் கொட்டகையில் ஒரு ஓரம் கொடுத்தால் போதும். மழையில் ஒழுகுவது ஒரே இடத்தில்தான், அங்கே நான்தான் உட்காருவேன். நேற்று நின்ற இடத்திலிருந்து வீடு வரை தள்ளிக்கொண்டு வந்தோம், அதற்குக்கூட ஆள் கூலி வேண்டாம், நானும் முருகையனும் போதும், அவ்வளவு லேசு. இப்படிப்பட்டதைக் கயிறு கட்டி இழுக்க ஆள் அனுப்புவது நியாயமா என்று தாங்களே யோசித்து, புதன்கிழமைக்கு முன் அந்த ஆளைத் தடுத்து நிறுத்த வேண்டுகிறேன். தங்கள் குடும்பமும் வியாபாரமும் பெரிய காரும் மேலும் மேலும் விருத்தியாக அருணாசலேசுவரர் அருள்வாராக. வீட்டில் பெரியவர்களுக்கு என் நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
சம்பந்தமூர்த்தி

பின்குறிப்பு: இதைத் தங்கள் தங்கையிடம் வாசித்துக் காட்டினேன். பாராட்டுவாள் என்று நினைத்தேன். தலையில் அடித்துக்கொண்டாள். "அண்ணனோட பெரிய வண்டி கேலனுக்குப் பன்னெண்டு மைல்னு போன வாரம்தான் அண்ணி எழுதுனாங்க. நீங்க நாப்பத்திரண்டுன்னு எழுதுனா இரும்புக் கடைக்காரன் வரமாட்டான், அண்ணனே வந்து ஓட்டிக்கினு போயிடுவாரு" என்றாள். எனக்கு இது தோன்றவே இல்லை. ஆகவே மேலே கண்ட நாற்பத்திரண்டு மைலை ரத்து செய்யவும். ஐந்து என்று போட்டால் இரும்புக் கடை, நாற்பத்திரண்டு என்றால் தாங்கள். நாங்கள் இருவரும் ஒரு மணி நேரம் யோசித்து, விற்கும்படி மோசமும் இல்லாமல் எடுத்துப்போகும்படி உசத்தியும் இல்லாமல், இந்தக் கார் கேலனுக்குச் சுமார் பத்தொன்பது மைல் கொடுக்கிறது என்று தீர்மானித்திருக்கிறோம். மாலை, மோர், மூட்டை எல்லாவற்றையும் அதற்குத் தகுந்தாற்போல் குறைத்துப் படித்துக்கொள்ளவும். இனி பேனாவைத் தங்கள் தங்கை கேட்கிறாள்.

அண்ணா, இவர் எழுதின மைல் ஒண்ணையும் படிக்காதிங்க. வண்டி கேலனுக்கு ஒரு மைல் குடுத்தாலும் எனக்கு வேணும். ஒன்பது கேலன் ஊத்திக்கினு சுத்துவேன். புதன்கிழமை யாரையும் அனுப்பாதிங்க. தர்மு.