ஆறு சங்கம், ஆறு ராடு

பெரியமுத்துவிடம் அநீதிகளின் பட்டியல் ஒன்று உண்டு. வரிசை மாறாது, யாராவது குறுக்கிட்டால் ஒன்றிலிருந்து மறுபடி தொடங்குவார். ஒன்று, சாந்தன்பாறைக்கு மேலே இருக்கும் எஸ்டேட்டுக்கு வந்துகொண்டிருந்த ஒரே பஸ்ஸை நிறுத்தினார்கள். இரண்டு, எஸ்டேட் ஆஸ்பத்திரியை மூடிவிட்டுக் கம்பவுண்டரை மட்டும் விட்டுவைத்தார்கள். மூன்று, கம்பவுண்டரும் ஓய்வு பெற்றார். நான்கு, இவை குறித்த மனு "பரிசீலனையில் உள்ளது" என்று பதினோரு வருடமாகப் பதில் வருகிறது.

ஐந்தாவது அநீதி, தொழிலாளர்களே வாங்கி ஓட்டிய பழைய பஸ்ஸின் என்ஜினுக்குள் நடந்தது.

ஆறு சிலிண்டரும் ரேஷன் கடை வரிசைபோல ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் என்ஜின். பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடு ஆறும் வளைந்துவிட்டன. வியாழக்கிழமை பெரியமுத்துவின் மனைவி முத்துப்பேச்சிக்குக் கண் ஆபரேஷன். தவறினால் அடுத்த தேதி எட்டு மாதம் கழித்துத்தான்.

மெக்கானிக் சுவக்கீன் தொழிலாளர்களின் பஸ் கமிட்டியிடம் சுருக்கமாகச் சொன்னார். புது செட்டுக்கு வசதி பற்றாது. தேனியில் ஒரு பழைய சாமான் கடையில், ஒரே என்ஜினிலிருந்து கழற்றிய ஆறு ராடு கிடக்கிறது. போல்ட்டை மட்டும் புதிதாகப் போட்டால் பத்து வருடம் ஓடும். ஆறும் ஒரே எடை, அதுதான் முக்கியம்.

ஒரு காரியம் இவ்வளவு எளிதாக முடிந்துவிட்டால் கமிட்டி எதற்கு? பெரியமுத்து எழுந்தார்.

"ஆறையும் ஒரே கடையில வாங்குறதுக்குப் பேரு ஏகபோகம். நம்மகிட்ட ஆறு சங்கம் இருக்கு. சங்கத்துக்கு ஒரு ராடு. அதான் ஜனநாயகம்."

மே தினப் பாயசத்தையே ஆறு அண்டாவில் காய்ச்சும் எஸ்டேட் அது. கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

ஒரு சங்கம் கம்பத்தில் வாங்கியது, இன்னொன்று போடியில், வேறொன்று பொள்ளாச்சியில். ஒரு சங்கம், கொள்கை காரணமாக, மற்ற எல்லோருடையதையும்விடக் கனமான ராடை வாங்கியது. சுவக்கீன் ஏலக்காய்த் தராசில் நிறுத்துப் பார்த்தார்.

"அண்ணாச்சி, ஒண்ணு ஒண்ணேகால் கிலோ, ஒண்ணு ஒண்ணரை கிலோ. என்ஜின் சாமியாடிரும்."

கமிட்டி ஆழ்ந்து ஆலோசித்தது. ஆறு எடைகளையும் கூட்டி ஆறால் வகுத்தது. சராசரி, இருக்க வேண்டிய எடைக்கு இம்மியும் பிசகாமல் வந்தது. ஆகவே எடை சரியென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. எந்த ராடு எந்தச் சிலிண்டருக்கு என்பதிலும் சிக்கல் எழவில்லை. சங்கங்களின் பதிவு எண் வரிசைப்படி. மறுத்தால் வேறு மெக்கானிக் என்றார்கள். சுவக்கீன் சிலுவை போட்டுக்கொண்டு மாட்டினார்.

வியாழன் காலை பஸ் புறப்பட்டது. முதல் வளைவில் ஜன்னல் கண்ணாடிகள் பாடின. மூன்றாவது வளைவில் யாருடைய பல்செட்டோ கழன்று விழுந்தது. ஐந்தாவது வளைவில் ஒரு ராடு என்ஜினைப் பிளந்துகொண்டு ஏலத்தோட்டத்துக்குள் போய் விழுந்தது. அது எந்தச் சங்கத்து ராடு என்று ஐந்து சங்கங்கள் உடனே விசாரணை கோரின.

எல்லோரும் இறங்கி பஸ்ஸை ஓரம் தள்ளினார்கள். முத்துப்பேச்சி மட்டும் ஆஸ்பத்திரிச் சீட்டை மடியில் வைத்துக்கொண்டு உள்ளேயே இருந்தாள். பெரியமுத்து ஒன்றிலிருந்து தொடங்கி ஐந்துக்கு வந்துவிட்டார்.

"இந்தச் சதியைச் செஞ்சவன் யாரு? மினிட்ஸ் புத்தகத்த எடு தாயி. சாட்சிக்கு இத்தன பேரு இருக்கு."

கமிட்டிச் செயலாளர் ஜிஸ்மி பக்கத்தை விரித்து அவரிடமே நீட்டினாள்.

ஜன்னலுக்குள்ளிருந்து முத்துப்பேச்சி சொன்னாள், "எனக்குத்தான் கண்ணு தெரியாதே. சத்தமா வாசி."

ஜிஸ்மி வாசித்தாள். "தீர்மானம், சங்கத்துக்கு ஒரு ராடு. கை தூக்கி ஆதரித்தவர்கள், ஆஜரானோர் அனைவரும்."

பஸ்ஸைத் தள்ளிப் பிடித்திருந்த கைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

"முன்மொழிஞ்சவரு?" என்றாள் முத்துப்பேச்சி.

"தோழர் பெரியமுத்து."