ஸ்டீபன் ராஜாவின் விலை

"மிஸ்டர் பாஸ்க், ஒண்ணு சொல்ல மறந்தே போயிட்டேன். நம்ம கோதுமை வயல்ல என் மோதிரம் தொலைஞ்சு போச்சு. கண்ணுல பட்டா எடுத்துக் குடுத்துடுங்க, என்ன?"

தொலைபேசியில் பண்ணைக்காரி கெரிட்ஜ் அம்மாள் இதைச் சொன்னபோது டெஸ்மண்ட் பாஸ்க் வாயில் வைத்த ரொட்டியைத் திரும்பத் தட்டிலேயே வைத்தார்.

"என்ன... என்ன மோதிரம்ங்க?"

"தங்கந்தான். மெல்லிசா இருக்கும். எங்கம்மா போட்டது."

'பாக்கிறேன்' என்று மட்டும் சொல்லி டெஸ்மண்ட் போனை வைத்தார். முந்தின நாள் காலையில் அதே வயலில், மண்ணுக்கடியில் உலோகம் தேடும் அவருடைய டிடெக்டர் கீச்சிட்ட இடத்தில் தோண்டி, மெல்லிசாக ஒரு தங்க மோதிரத்தை எடுத்திருந்தார். மண்ணிலிருந்து எது வந்தாலும் முதலில் நிலத்துக்காரரிடம் காட்ட வேண்டும், பாதி அவருக்கு. இங்கிலாந்தின் சஃபோக் பக்கத்தில் டிடெக்டர் தூக்கும் எவருக்கும் இது தெரியும். டெஸ்மண்டுக்கும் தெரியும். 'நாளைக்குக் காட்டிக்கலாம்' என்று நினைத்தவர், அன்று சாயந்திரமே டிடெக்டர்காரர்கள் கிளப்பில் அதைக் கூட்டாளி தர்லோவிடம் கொடுத்து, பதிலுக்கு ஸ்டீபன் ராஜாவின் வெள்ளிக் காசை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அவரைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. பஸ் ஓட்டிய காலத்திலிருந்து பொத்தான், பெல்ட் வளையம், தையல் விரலுறை என்று கிடைத்ததையெல்லாம் கொடுத்து, பழைய இங்கிலாந்து ராஜாக்களில் ஆளுக்கொரு காசாகச் சேர்த்து வந்தார். வெல்வெட் பெட்டியில் ஸ்டீபனின் குழி மட்டும் பொக்கைப் பல்லாக இளித்துக்கொண்டிருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் கண்காட்சி. நேற்றைக்குத்தான் பெட்டி நிறைந்தது. மனிதர் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினார்.

"மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?" என்றாள் மனைவி பெரில்.

சொன்னார்.

"கெரிட்ஜ் அம்மாகிட்ட உண்மையைச் சொல்லிடுங்களேன்."

"சொன்னா அந்த வயல் கேட்டையே என் மூஞ்சியில சாத்திடுவாங்க. அது போனா அப்புறம் நான் எங்கடி போய்த் தோண்டுறது? உன் ரோஜாத் தொட்டியிலயா?"

"தொட்டியைத் தொட்டுப் பாருங்க, தெரியும்! தர்லோகிட்ட ஸ்டீபனைத் திருப்பிக் குடுத்துட்டு மோதிரத்தை வாங்கிட்டு வாங்க."

ஸ்டீபனை எடுத்துக் கடைசியாக ஒருமுறை துடைத்து வைத்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

தர்லோ வேலிச்செடியை வெட்டிக்கொண்டிருந்தான். "மோதிரமா? அது நேத்தே நம்ம கிளப் ஹில்டா கைக்குப் போயாச்சே. ரோமானியர் காலத்து ஆடை ஊசி ஒண்ணு குடுத்தா."

"அப்ப அந்த ஊசியை எனக்குக் குடு. ஸ்டீபனை நீயே எடுத்துக்க."

தர்லோவின் கத்தரி நின்றது. ஸ்டீபனுக்காக நாயாக அலைந்த மனுஷன் மறுநாளே திருப்பித் தருகிறான் என்றால் சும்மாவா?

"ஏன்ப்பா இவ்வளவு அவசரம்?"

"பெரிலுக்கு அந்த மோதிரம் ரொம்பப் பிடிச்சுப் போச்சு."

"அவ எங்க பாத்தா?"

"அது... கனவுல."

"கனவுலயா? சரி, அந்தக் கனவுக்குப் பெட்டியிலேர்ந்து ஒரு ஹென்றி ராஜாவையும் சேர்த்து வெச்சுட்டுப் போ."

ஹென்றியும் போனார். டெஸ்மண்ட் ஊசியை எடுத்துக்கொண்டு ஹில்டா வீட்டுக்கு ஓடினார். அவர் போய்ச் சேர்வதற்குள் தர்லோவின் தொலைபேசி அழைப்பு போய்ச் சேர்ந்துவிட்டது.

ஹில்டா கதவைத் திறந்ததும் மோதிர விரலைத்தான் நீட்டினாள். "இதுல ஏதோ விசேஷம் இருக்காமே, டெஸ்மண்ட்?"

"ஒண்ணுமே இல்ல ஹில்டா. சாதாரண மோதிரம். சத்தியமா ஒண்ணும் இல்ல."

"சத்தியம் வேற பண்றீங்க. அப்ப பெரிய விசேஷந்தான். பெட்டியைத் திறங்க பாப்போம்."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குவது போல ஹில்டா ராஜாக்களைப் பொறுக்கினாள். ஊசியையும் முதல் வேலையாக வாங்கி வைத்துக்கொண்டாள்.

"இந்த எட்வர்டு. அந்த எட்வர்டு. ரிச்சர்டு. அப்புறம் ஜான்."

"ஜானை மட்டும் விட்டுடுங்க ஹில்டா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

"அவன் கெட்ட ராஜா. போனாப் போகட்டும்னு விடுங்க."

எல்லாம் பேசி முடித்தபின் மோதிரம் விரலைவிட்டு வரவில்லை. சோப்பு போட்டார்கள். வெண்ணெய் தடவினார்கள். டெஸ்மண்ட் இழுக்க, ஹில்டா அலற, அடுத்த வீட்டுக்காரர் சன்னலைத் திறந்து போலீஸைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார். கடைசியில் மோதிரம் துள்ளி நாயின் தண்ணீர்க் கிண்ணத்தில் விழுந்தது. கூச்சலுக்குக் கூலியாக ஹில்டா இன்னொரு ஹென்றியையும் எடுத்துக்கொண்டாள்.

கெரிட்ஜ் அம்மாள் கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். டெஸ்மண்ட் மூச்சு வாங்க மோதிரத்தை நீட்டினார். கையில் பெட்டி லேசாக இருந்தது. வயிற்றெரிச்சல் இருந்தாலும் வயல் தப்பித்ததே என்று ஒரு நிம்மதி.

அம்மாள் மோதிரத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தாள். ஒரு கணம் அவள் முகமே குழம்பிப்போனது.

"இது இல்லீங்களே."

"தங்கந்தானேம்மா! மெல்லிசாத்தானே இருக்கு!"

"என்னோடது இன்னும் மெல்லிசு. ஓடைப் பக்கம் தேடினீங்களா? அங்கதான் விழுந்திருக்கும். ஆமா, இது எங்க கிடைச்சுது?"

"உங்க வயல்லதான்."

"அப்ப பாதி எனக்கு." மோதிரம் ஏப்ரன் பைக்குள் போனது. "உங்க பாதிக்கு முட்டை கட்டித் தர்றேன். இன்னிக்கு இட்டதுதான்."

டெஸ்மண்டுக்கு அழுகை வந்தது. முட்டைப் பொட்டலத்தையும் ஏறக்குறைய காலியான பெட்டியையும் சுமந்துகொண்டு வெளியே வந்தார். ஓடைப் பக்கத்தை எப்போது தேடி முடிப்பது என்று யோசித்துக்கொண்டே நடந்தவரை, வயல் கேட் அருகே அம்மாளின் கணவர் கெரிட்ஜ் கைதட்டிக் கூப்பிட்டார். அதிகம் பேசாத மனுஷன். வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உன்னைப் பாத்தாப் பாவமா இருக்கு, அதான் சொல்றேன், அவ காதுல போட்டுடாத. அவ மோதிரம் எதுவும் தொலையவே இல்ல. மோதிரம் தொலைஞ்சுதுன்னு சொன்னாத்தான் உங்க டிடெக்டர் ஆளுங்க டிராக்டர் டயரைக் கிழிக்கிற ஆணி ஒண்ணு விடாம வயலைப் பொறுக்கித் தர்றாங்கன்னு வருஷா வருஷம் ஒருத்தனுக்கு போன் போடுறா. நெசமாவே ஒரு மோதிரத்தோட வந்து நின்ன ஆளு நீ ஒருத்தன்தான்யா!"