கூறைக்காரி குடியிருந்த புல்

புல் வெட்டச் சம்பளம் வாங்கிக்கொண்டு புல்லுக்கே காவல் நின்ற ஒரே மனிதர், மலாயாவில் ஈஜோக் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் எங்கள் பூச்சி மண்டோர்தான். அவர் கங்காணியாக இருந்த புல்வெட்டுக் கும்பலில் வேலை செய்தவள் நான். தோட்டம் முழுக்க லாலாங் புல்லை வேரோடு எடுக்கச் சொல்லி எங்கள் உயிரை வாங்குவார். சாலையோர மூலையில் ஆள் உயரத்துக்கு நின்ற லாலாங்கில் மட்டும் யாரும் கைவைக்கக் கூடாது.

காரணம் ஓர் அந்துப்பூச்சி. உட்கார்ந்திருந்தால் காய்ந்த புல். சிறகை விரித்தால் உள்ளே கூறைப்புடவைச் சிவப்பு. 'கூறைக்காரி' என்று அவரே பெயர் வைத்திருந்தார். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களைக் கோயிலுக்கு அழைத்துப்போவது போல அங்கே கூட்டிப்போய், மண்வெட்டிக் காம்பால் புல்லைக் கலைத்துக் காட்டுவார். முன்பெல்லாம் ஈஜோக் வரை பறந்ததாம். நிலமெல்லாம் ரப்பரான பிறகு இந்த மூலையில்தான் மிச்சம். கல்யாணமாகாத மனிதர் வேறு. நாங்கள் குடியிருந்த லயத்தில் கேலிக்குக் கேட்கவா வேண்டும்?

அப்போது அவசரகாலம். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, ஒரு பிடி அரிசியைக்கூட லயத்து வேலிக்கு வெளியே விடமாட்டார்கள். மண்டோரோ, எறும்பு தின்னாமல் வீட்டில் வளர்த்த கூறைக்காரியின் புழுக்களைப் பால் டின்னில் போட்டுப் புல்லில் விடக் கிளம்பினார். அரிசிதான் என்று கேட் காவலர் டின்னைக் கவிழ்த்தார். சட்டைக்குள் புழு போனதும் அவர் ஆடிய ஆட்டத்தைத் திருவிழாவில்கூட நாங்கள் பார்த்ததில்லை.

விஷயம் பட்டாளத்து அதிகாரி வரை போயிற்று. அந்த மூலைக்கு அடிக்கடி போவது ஏன் என்று விசாரித்தார்கள். கேட்க ஒருவர் கிடைத்தாரே என்று மண்டோருக்குத் தலைகால் புரியவில்லை. திருவிழாச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தோட்டத்துத் துரையையும் அதிகாரியையும் பெண் பார்க்க அழைத்துப்போவது போல அழைத்துப்போனார். நாங்களும் பின்னால் போனோம். காம்பால் புல்லைக் கலைத்தார். சிவப்புச் சிவப்பாக எழுந்து பறந்தன. அதிகாரி அவற்றைப் பார்க்கவே இல்லை. புல்லுக்குள் நுழைந்து குனிந்தார், ஆளே தெரியவில்லை. வெளியே வந்து துரையிடம் ஏதோ சொன்னார்.

கூட வந்த கணக்கெழுதும் கிராணி அதைத் தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னார். “நாளைக்கே வெட்டி எரிச்சிடணுமாம் லா. ஆளு ஒளிஞ்சா தெரியாதாம்.”

மண்டோர் கையிலிருந்த காம்பைக் கீழே போட்டார். பிறகு, “நான்தான லா கூட்டியாந்து காட்டுனேன்” என்றார்.

மறுநாள் வெட்டப் போனது எங்கள் கும்பல்தான். வெட்டும் முன் எல்லாரையும் காம்பால் புல்லை அடிக்கச் சொன்னார். வேறு புல் தேடிப் போய்ப் பிழைக்கட்டுமாம். சுற்றிலும் ரப்பர் மரம்தான் என்று அவருக்குத் தெரியாதா? யாரும் கேலி செய்யவில்லை. கை வலிக்க வலிக்க அடித்தோம்.

மழை பெய்ததும் லாலாங் முளைத்துவிட்டது. கூறைக்காரி வரவே இல்லை. மண்டோர் தினமும் போய்க் கலைத்துப் பார்த்துவிட்டு வருவார். அவர் போய்ச் சேர்ந்தும் வெகுகாலம் ஆகிவிட்டது.

எங்கேயாவது லாலாங்கைக் கண்டால் காரை நிறுத்தச் சொல்லி இறங்கி, கைத்தடியால் கொஞ்சம் கலைத்துப் பார்க்கிறேன். பாம்பு இருக்கும் என்று மகன் திட்டுகிறான். ஒன்றாவது எழுந்து பறந்தால், மண்டோரண்ணனிடம் சொல்லிக்கொள்ளலாம்.