சாமிக்கு எழுதிய மனுவும் மஞ்சள் விளக்கும்

அந்தோணி அண்ணனின் வேலையைக் காப்பாற்றியது நான்தான் என்று, கல்யாணமான புதிதில் என் மனைவியிடம் சொல்லி வைத்திருந்தேன். பச்சைப் பொய். அந்த வேலைக்கு உலை வைத்ததே நான்தான். காப்பாற்றியது என் நெற்றி.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. இன்றைக்கும் குக்கர் மூன்று விசில் அடித்து அடங்கும்வரை சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டேன். அப்படிப்பட்டவனுக்கு, படிப்பு முடித்து வேலை கிடைக்காமல் சுற்றிய அந்த வருடம், சோழவந்தானில் என் அத்தை ஒரு வேலை கொடுத்தார். அத்தை, அப்பாவின் அக்கா, வெற்றிலை வியாபாரி. அவர் தொண்டையைச் செருமினால் எதிர்க்கடையில் பேச்சு நின்றுவிடும். அவரிடம் மூன்று கை மாறி வந்த பழைய பிக்கப் லாரி ஒன்று இருந்தது. தினமும் காலையில் வெற்றிலைக் கூடைகளோடு நானும் அதில் ஏறி மதுரை மார்க்கெட்டில் இறக்கிவிட்டு வர வேண்டும்.

ஓட்டுபவர் அந்தோணி அண்ணன். தங்கமான மனுசன். ஆனால் சாவியைத் திருகினால் வேறு ஆள்.

"வெத்தலை வாடிரும்ல தம்பி!" என்பார். அவ்வளவுதான், வண்டி பறக்கும். சமயநல்லூர் வருவதற்குள் எனக்குத் தெரிந்த சாமிகள் எல்லாம் தீர்ந்துபோய், தெரியாத சாமிகளைக் கூப்பிட ஆரம்பித்திருப்பேன்.

ஆயுத பூசை வந்தது. வண்டியைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைக்கும் பொறுப்பு எனக்கு. எங்கள் பக்கத்தில் குறை உள்ளவர்கள் சாமிக்கு மனு எழுதிக் கோயிலில் கட்டுவார்கள். நான் யோசித்தேன். ஆபத்து இருப்பது வண்டியில், மனுவைக் கோயிலில் கட்டி என்ன பயன்? (அப்போது இது எனக்குப் பெரிய அறிவாளித்தனமாகத் தெரிந்தது.) பானெட்டைத் திறந்தேன். கிளிப் போட்ட கறுப்பு டப்பா ஒன்று இருந்தது. மழை படாது, யார் கண்ணும் படாது. மனுவை மடித்து, ஒரு பொட்டலம் விபூதியோடு உள்ளே வைத்து மூடி, டப்பாவுக்கு மூன்று பொட்டும் வைத்துக் கும்பிட்டேன்.

சாமி கண் திறந்தது. அடுத்த வாரமே வண்டியின் வேகம் குறைந்தது. மேம்பாலம் ஏறினால் முக்கி முனகிக் கரும்புகை விட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முதல் முறையாகச் சமயநல்லூரைக் கண்ணைத் திறந்து பார்த்தேன்.

பிறகுதான் ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது. லிட்டருக்குப் பதினான்கு கிலோமீட்டர் கொடுத்த வண்டி ஒன்பதுக்கு இறங்கியது. அத்தைக்கு விளக்கைப் பற்றிக் கவலை இல்லை, ஒன்பதைப் பற்றித்தான்.

"வண்டி அம்புட்டு டீசலையும் குடிக்காது. வழியில எவனோ உறிஞ்சி விக்கிறான்" என்றார், அந்தோணி அண்ணனைப் பார்த்தபடி.

"அக்கா, எம் புள்ளைக மேல சத்தியமா..."

"சத்தியமெல்லாம் வேணாம். நாளைக்கு மெக்கானிக்கிட்டக் காட்டுவோம். வண்டியில கோளாறு இல்லைன்னா சாவியக் குடுத்துட்டுப் போயிரு."

அந்தோணி அண்ணன் அன்று மதியம் சாப்பிடவில்லை. அவருடைய மூன்று பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். "நீயாவது சொல்லு தம்பி, கூடவேதான வர்ற?" என்றார். நான் தலையை எல்லாப் பக்கமும் ஆட்டினேன். அத்தை முன்னால் எனக்கு வாய் வராது.

மறுநாள் அத்தையையும் ஏற்றிக்கொண்டு மதுரை காளவாசலில் ராசு மெக்கானிக் பட்டறைக்குப் போனோம். ராசு டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு சின்ன ஒயரைச் சொருகி, "இப்ப இந்த லைட்டு கண்ணடிக்கும். எத்தனை தடவைன்னு எண்ணு. அதான் கோளாறு நம்பர்" என்று என்னை உட்கார வைத்தார். விளக்கு மூன்று முறை சிமிட்டியது. நின்றது. நான்கு முறை சிமிட்டியது. முப்பத்து நாலு. ராசு எண்ணெய்ப் பிசுக்கேறிய புத்தகத்தைப் புரட்டினார்.

"எஞ்சினுக்குக் காத்து பத்தலை. ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறக்கணும்."

"அது எங்கண்ணே இருக்கு?"

காட்டினார். கறுப்பு டப்பா. கிளிப். என்னுடைய மூன்று பொட்டு.

நான் சாமி வைத்த இடம் எஞ்சினின் மூக்கு! ராசு ஸ்பேனர் எடுக்கத் திரும்பியதும், "நான் திறக்குறேன்ணே" என்று பாய்ந்தேன். கிழிந்த பொட்டலத்தையும் மனுவையும் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் திணித்தேன். ஆனால் விபூதி? அது ஃபில்டரின் மடிப்புக்கு மடிப்பு அப்பிக் கிடந்தது.

ராசு வந்து தொட்டுப் பார்த்தார். மோந்து பார்த்தார். "ரோட்டுத் தூசி இம்புட்டு வெள்ளையா இருக்காதே. அக்கா, இது விபூதி!"

அத்தை திரும்பினார். "ஏண்டா அந்தோணி, களவை மறைக்க வண்டியக் கெடுத்து வச்சியா? அதுவும் விபூதியப் போட்டு? எடு சாவிய!"

அந்தோணி அண்ணன் சாவியை எடுத்தார். இப்போதாவது நான் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

"அக்கா, நான் ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போறவன். விபூதிக்கு நான் எங்கிட்டுப் போவேன்?" என்றார் அவர்.

அத்தை அவர் நெற்றியைப் பார்த்தார். வெறுமை. ராசுவின் நெற்றியைப் பார்த்தார். கிரீஸ். பிறகு மெதுவாக என்னைப் பார்த்தார். அன்று பயத்தில் வழக்கத்தைவிடத் தாராளமாக, காதுக்குக் காது மூன்று பட்டை அடித்திருந்தேன்.

புடைத்திருந்த என் சட்டைப் பையில் அவர் கண் நின்றது. "பையில என்னடா?"

கொடுத்தேன். அத்தை கண்ணாடி கொண்டு வரவில்லை. ராசு உரக்க வாசித்தார், பட்டறையில் இருந்த அத்தனை பேருக்கும்:

"சாமி, அந்தோணி அண்ணே ரொம்ப வேகமா ஓட்டுறாரு. வண்டி நாப்பதைத் தாண்டாம நீதான் பாத்துக்கிடணும். நான் இதை எழுதுனது அத்தைக்குத் தெரியக் கூடாது. இப்படிக்கு, சரவணன், பூச நட்சத்திரம்."

முதலில் சிரித்தது அந்தோணி அண்ணன்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அத்தை ஊர் போய்ச் சேர்ந்ததும் என் முதுகில் இரண்டு வைத்தார். அந்தோணி அண்ணனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, அது அவருக்குப் பழக்கமில்லை. ஆனால் மறுநாள் காலையில் சாவியைத் தானே எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார். அண்ணன் மனுவையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நான்கு வருடம் கழித்து எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக் கார் ஓட்டியது அந்தோணி அண்ணன். முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம்கூட இல்லை. கார் முப்பத்தெட்டில் ஊர்ந்தது.

"அண்ணே, கொஞ்சம் விரட்டுங்கண்ணே!"

ஓரமாக நிறுத்தினார். லைசென்ஸ் உறைக்குள்ளிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டினார். "மனுவ வாபஸ் வாங்கிக்கிறேன்னு இதுக்குப் பின்னாடி எழுதிக் கையெழுத்துப் போடு தம்பி. போயிருவோம்."

பின்சீட்டில் அத்தை தொண்டையைச் செருமினார். "எழுதுடா."

பட்டு வேட்டியும் மாலையுமாக, முழங்காலில் வைத்து எழுதிக் கொடுத்தேன். வண்டி பறந்தது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். கல்யாண வீடியோவில் நான் காரிலிருந்து இறங்கும் இடம் வரும்போதெல்லாம், "அப்பாவுக்கு அப்ப கண்ணு தெரியாதாம்மா?" என்று என் மகள் கேட்கிறாள்.