சீமாட்டிக்கு ரத்தம் எடுத்த தலைதீபாவளி

பாடாலூர்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அறிவரசன் அவர்களுக்கு மாமனார் மாயவன் எழுதுவது. இங்கே நான், உங்கள் அத்தை மலர்க்கொடி, பண்ணையிலுள்ள பன்றிகள் எல்லோரும் நலம். நலம் என்பதைக் கொஞ்சம் அழுத்தியே எழுதியிருக்கிறேன். அங்கே நீங்களும் மகள் கலையரசியும் நலம்தானே? போனில் பேசினால் குரல் உயர்ந்துவிடும், மாப்பிள்ளையிடம் அது முறையில்லை என்பதால் இந்தக் கடிதம்.

தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை எண்ணெய் வைத்துக் குளித்துப் பட்டு வேட்டியில் வெளியே வருவார் என்று தெருவே எட்டிப் பார்த்தது. நீங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஊசியோடு பன்றிக் கொட்டகைக்குள் போனீர்கள். அன்றைக்கு மாப்பிள்ளை கேட்டதை மறுக்கக் கூடாதே, ஒவ்வொன்றாக நானே பிடித்துக் கொடுத்தேன். "மோதிரம் கேப்பாருன்னு பாத்தா ரத்தம் கேக்குறாரே" என்றாள் உங்கள் அத்தை.

பிறகு நீங்கள் வேலை பார்க்கும் கால்நடை லேபிலிருந்து ரிப்போர்ட் வந்தது. நம் தாய்ப்பன்றி சீமாட்டியின் ரத்தத்தில் ஏதோ புரதம் ஏறியிருக்கிறதாம், நோய் வெளியே தெரியுமுன்பே ரத்தம் சொல்லிவிடுமாம், உடனே தனியாக வைக்க வேண்டுமாம். சீமாட்டியோ அப்போது தன் தீவனத்தை முடித்துவிட்டுப் பக்கத்துத் தொட்டியைக் காலி செய்துகொண்டிருந்தது. வராத நோயைச் சொல்ல எங்களுக்குக் குரும்பலூரில் ஒரு ஜோசியர் இருக்கிறார், அவர் ஊசி குத்துவதில்லை. ஆனாலும் மாப்பிள்ளை சொல் ஆயிற்றே என்று அதைக் கார் ஷெட்டில் விட்டோம், கார் வெயிலில் காய்கிறது. குட்டிகளை ஏற்ற வந்த வியாபாரி தங்கராசு, "ரத்தமெல்லாம் எடுத்தீங்களாமே, பன்னிக்கு என்னங்க?" என்று கேட்டுவிட்டு வெறும் வண்டியோடு திரும்பிவிட்டார். அத்தைக்கு வேறு வருத்தம். "முட்டி வலிக்குதுன்னு கல்யாணத்தன்னிக்கே சொன்னேன், எனக்கு ஒரு சொட்டு எடுத்தாரா?" என்கிறாள்.

ஆகவே நாளைக் காலை சீமாட்டியைப் பழையபடி கொட்டகையிலேயே விடப்போகிறேன். உங்கள் படிப்பைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். படிப்பு வேறு, பன்றி வேறு.

நீங்கள் இருவரும் ஊசி படாமல் நீடூழி வாழ ஆசி கூறும்,
மாயவன்

பின்குறிப்பு: காலையில் ஷெட்டைத் திறந்தேன். சீமாட்டி எழுந்திருக்கவில்லை. தீவனம் அப்படியே கிடக்கிறது, உடம்பு கொதிக்கிறது, மூச்சு வாங்குகிறது. அத்தை ஈரத்துணியை அதன்மேல் போட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அழுகிறாள். உங்களுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. அதனால் இதைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன். மேலே எழுதியதைப் படிக்காதீர்கள், படித்திருந்தால் மறந்துவிடுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது மாப்பிள்ளை. கொட்டகையில் மற்றவையெல்லாம் தீவனத்துக்குச் சண்டை போடுகின்றன. நேற்றே இதை அங்கே விட்டிருந்தால் என்று எழுதக் கை வரவில்லை. மருந்தோடு முதல் பஸ்ஸில் வாருங்கள்.