கட்டைவிரலுக்கு டாக்டர்தான் வேணும்

இப்போதெல்லாம் எவனும் தன் வேலையைப் பார்ப்பதில்லை. அடுத்தவன் வேலையில்தான் கை வைக்கிறான். மருந்துக் கடைக்காரன் நாக்கை நீட்டச் சொல்கிறான். கண்ணாடி விற்கிறவன் கண்ணுக்குள் டார்ச் அடிக்கிறான். போதாக்குறைக்கு நர்ஸ் கத்தி எடுக்கிறாளாம்.

கிளினிக் கவுண்டரில் நின்றுகொண்டு வாட்ச்மேன் இதைத்தான் கத்திக்கொண்டிருந்தார். இடது காலில் பூட்ஸ். வலது பூட்ஸ் கையில். வலது கட்டைவிரலில் நகம் சதைக்குள் வளர்ந்து, விரல் தக்காளி மாதிரி வீங்கியிருந்தது. இரண்டு மணிக்குப் புது மேனேஜர் கம்பெனி கேட்டுக்கு வருகிறார். பூட்ஸ் இல்லாத வாட்ச்மேனை அப்படியே வீட்டுக்கு அனுப்புகிற ஆள்.

"நகம் எடுக்கிறது சிஸ்டர்தான் ஐயா. பத்து நிமிஷ வேலை," என்றாள் கவுண்டர் பெண்.

"வெளியில டாக்டர்னு போர்டு, உள்ள வந்தா நர்ஸா? யார ஏமாத்தறீங்க?"

சத்தம் கேட்டு சிஸ்டரே வந்துவிட்டாள். குனிந்து விரலைப் பார்த்தாள்.

"யாரு இதை இப்படிக் கொத்தி வெச்சது?"

"நான்தான். ஷேவிங் பிளேடால."

"அதுக்கு எந்தக் காலேஜ்ல படிச்சீங்க?"

"என் காலும்மா அது!"

"கேட்டுல ஃபியூஸ் போனா யாரு போடுவா?"

"நான்தான். எனக்குப் பழக்கம்."

"எனக்கு இது பழக்கம். படிச்சு, பரீட்சை எழுதி, லைசென்ஸும் வாங்கியிருக்கேன்."

"ஃபியூஸ் அழாதும்மா. நான் அழுவேன். டாக்டரக் கூப்பிடு."

"அது உங்க உரிமை," என்று சிஸ்டர் ஒரு தாளை நீட்டினாள். அச்சடித்த எதையும் நம்பாத வாட்ச்மேன், படிக்காமலே கையெழுத்துப் போட்டார். சிஸ்டர் அடுத்த நோயாளியோடு உள்ளே போய்விட்டாள்.

"பிரஷர் பார்க்கணுமே," என்றாள் கவுண்டர் பெண்.

"பாரேன்."

"அதைப் பார்க்கிறது சிஸ்டர். சிஸ்டர் உங்களைத் தொடவே கூடாதுன்னு இப்பதான் எழுதிக் குடுத்தீங்க."

"அப்ப டாக்டரே பார்க்கட்டும்."

"பிரஷர் எழுதாத சீட்டு டாக்டர் ரூமுக்குப் போகாதுங்க."

"பிரஷர் பார்க்கிற அளவுக்கு எனக்கு என்னம்மா வந்துருச்சு? வெறும் நகம்! இங்க பாரு!"

ஆத்திரத்தில் வலது காலைப் பூட்ஸுக்குள் திணித்தார். கால் உள்ளே போய்விட்டது. கண்ணில் தண்ணீர் வந்தது. உடனே இழுத்தார். பூட்ஸ் வரவில்லை.

பெஞ்சில் சரிந்தார். பக்கத்தில் சட்டைக் கையை மடித்துவிட்ட ஓர் ஆள். அவனுக்கு ஒரு காலில்தான் செருப்பு, இன்னொன்றில் கட்டு. இருவரும் சேர்ந்து பூட்ஸை இழுத்துப் பார்த்தார்கள். அது அசையவில்லை.

"உமக்கு என்ன தம்பி?"

"உங்களுக்கு வந்ததுதான். நேத்து சிஸ்டர் நகம் எடுத்தாங்க. இன்னைக்குக் கட்டு மாத்தணும்."

"ஏமாந்துட்டீரே! டாக்டர்தான் வேணும்னு கேட்க வாய் இல்லையா?"

"அவரு நகம் எடுத்துப் பல வருஷம் ஆச்சுங்க. அவங்க தினமும் நாலு எடுக்கறாங்க."

"உமக்கு எப்படித் தெரியும்?"

"இங்கதான கிடக்கேன்."

"படிச்ச ஆள் மாதிரி இருக்கீர். விவரம் பத்தலை," என்று வாட்ச்மேன் தலையில் அடித்துக்கொண்டார். மணி ஒன்றரை. "அந்த டாக்டர் எங்கதான் தொலைஞ்சான்?"

தரையைத் துடைத்துக்கொண்டு வந்த ஆயா நிமிர்ந்தாள்.

"டாக்டர் சார், சிஸ்டர் கூப்பிடறாங்க. சீக்கிரம் கட்டை மாத்திக்கிட்டு உங்க ரூமுக்குப் போங்க, ஜனங்க காத்துக் கிடக்கறாங்க."

பக்கத்து ஆள் எழுந்து, நொண்டிக்கொண்டே சிஸ்டர் அறைக்குள் போனான்.

வாட்ச்மேன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பிறகு, இனி கழற்றவே முடியாத பூட்ஸோடு இரண்டு மணி டியூட்டிக்கு நொண்டிக்கொண்டு கிளம்பினார்.

"சொந்த நகத்தையே எடுத்துக்கத் தெரியலை, இவன்லாம் ஒரு டாக்டரு!"