வக்கீல் டைரக்டரும் அவருடைய கட்சிக்காரனும்

எங்கள் மலையில் காட்டுமாடு உண்டு, மலையணில் உண்டு, சனி ஞாயிறானால் செல்போனைக் கம்பில் மாட்டிக்கொண்டு திரிகிற கூட்டமும் உண்டு. இவற்றையெல்லாம் நீங்கள் பார்த்திருப்பீர்கள். கோர்ட்டுப் படி ஏறினவர்களுக்கு மட்டும் கண்ணில் படுகிற ஜீவன் ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர் வக்கீல் டைரக்டர்.

ஐம்பது வயதை நெருங்கும்போதுதான் இது வெளிப்படும். அதுவரை கறுப்புக் கோட்டும், வெள்ளைக் கழுத்துப்பட்டையும், வாய்தாவுமாக மற்ற வக்கீல்களைப் போல ஒழுங்காகத்தான் இருக்கும். திடீரென்று ஒரு நாள், நீங்கள் உங்கள் கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, இரண்டு கை விரல்களையும் சதுரமாகச் சேர்த்து, அதற்குள்ளே உங்கள் முகத்தைப் பார்க்கும். முடிந்தது. அன்றிலிருந்து நீங்கள் கட்சிக்காரர் இல்லை. நடிகர்.

எங்கள் ஞானவேல் வக்கீலய்யா இந்த இனத்தில் முதல் தரம். மனு எழுதச் சொன்னால், "இதுல இடைவேளை எங்க வருது?" என்பார். ஜீவனாம்சம் கேட்டு வந்த பெண் அழுதால் ஆறுதல் சொல்ல மாட்டார். நாற்காலியை ஜன்னல் பக்கம் தள்ளிப் போடுவார், வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருக்கிறதாம். ஒரு குறுக்கு விசாரணையில் சாட்சியிடம், "அதையே கொஞ்சம் நிறுத்தி, அந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுங்க" என்றபோது ஜட்ஜய்யாவே ஒரு கணம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். தூறல் விழுந்தால் கவுனைக் கழற்றிக் கேமராவுக்குப் போர்த்திவிட்டுத் தான் நனைவார்; மறுநாள் அதே ஈரக் கவுனோடு கோர்ட்டில் தும்முவார். அவர் வீட்டம்மா ராஜகுமாரி சொல்வார்: "கேசுக்கு வாய்தா வாங்குனது பத்தாதுன்னு இப்ப சூரியனுக்கும் வாய்தா வாங்குறாரு."

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் அந்த விரல் சதுரத்துக்குள் வசமாக மாட்டியவன் யார் என்று நினைக்கிறீர்கள்? பேத்துப்பாறைத் திருமலைச்சாமி. அடியேன்தான்.

நான் அவரிடம் போனது ஒரு பாதைக்காக. என் பூண்டுக்காடு மேலே இருக்கிறது. கீழே அழகுமலையின் நிலம். அவன் நிலத்தின் ஓரமாகத்தான் காலங்காலமாக எங்கள் குதிரை மூட்டை இறக்கும். அவன் திடீரென்று, "என் நெலத்துல ஏது பாதை? அப்படி ஒண்ணு என்னைக்குமே கெடையாது" என்று சொல்லிவிட்டான். கோர்ட்டிலும் அப்படியே எழுதிக் கொடுத்தான். பாதை போனால் பூண்டு காட்டிலேயே அழுகும். நானும் என் சம்சாரம் சின்னத்தாயியும் ஊரான் தோட்டத்தில் கூலிக்கு நிற்க வேண்டியதுதான்.

இதையெல்லாம் நான் சொல்லி முடித்ததும் வக்கீலய்யா விரல்களைச் சேர்த்தார்.

"திருமலை, உன் மூஞ்சியில நூறு வருசத்துப் பனி இருக்குய்யா!"

எனக்கு வயது நாற்பத்தெட்டு. ஆனாலும் வீட்டுக்குப் போய் முதல் வேலையாகக் கண்ணாடி பார்த்தேன்.

அவர் எடுக்கிற படத்தில் எனக்கு வாய் பேசாத விவசாயி வேஷம். சும்மா நடக்க வேண்டும், நின்று வானத்தைப் பார்க்க வேண்டும். இதில் என்ன கஷ்டம் என்று கேட்காதீர்கள். பிறந்ததிலிருந்து நடந்த காலுக்கு நடை மறந்து போயிற்று. வீட்டிலும் களைக்கொத்தை ஊன்றி நின்று வானத்தைப் பார்க்க ஆரம்பித்தேன்.

"என்ன, மழை வருதான்னு பாக்குறீகளா?" என்றாள் சின்னத்தாயி.

"நடிப்பு."

"அப்படியே களை எடுக்கிற மாதிரியும் கொஞ்சம் நடிங்களேன்."

பாதை கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு பழனிக்குப் போனேன். படியெல்லாம் ஏறி, ஆண்டவன் முன்னால் கண் மூடிக் கை கூப்பினால், வாயிலிருந்து வந்தது, "முருகா, நாளைக்கு நல்லா மூடுபனி இறங்கணும்!" மலைமேல் இருக்கிறவருக்கு மனுஷன் புத்தி தெரியாதா? சிரித்திருப்பார்.

வக்கீலய்யாவை மட்டும் பைத்தியம் என்று சொல்ல எனக்கு மனசு வராது. ஒரு நாள் பாறையில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது சொன்னார்: "இத்தனை வருசமா அடுத்தவன் கதையத்தான் நான் எந்திரிச்சு நின்னு சொல்லிக்கிட்டிருக்கேன் திருமலை. எனக்குன்னு சொல்றதுக்கு ஒண்ணாச்சும் இருக்கும்ல?" நான் பதில் பேசவில்லை. வேஷமே அப்படித்தானே.

அடுத்து வில்லன் வேண்டியிருந்தது. மீசைக்கும் முழிக்கும் அழகுமலையை விட்டால் ஆள் ஏது? எதிர்க்கட்சிக்காரனையே கூப்பிட்டார், அவனும் தலை சீவிக்கொண்டு வந்து நின்றான். பூண்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு, வழக்கில் இருக்கிற அதே பாதையில் அவன் ஏறி வருகிற காட்சியை எடுத்தோம். நான் கேமராவுக்குக் குடை பிடித்தேன்.

பிறகு வக்கீலய்யா யோசித்தார். மனிதன் கால் படாத மலை வேண்டும், இந்தப் பாதை கண்ணை உறுத்துகிறது என்றார்.

"மறைச்சிருவோம்ங்க" என்றேன். யார்? அந்தப் பாதைக்காகக் கேஸ் போட்ட நான்.

ஓடைக்கரையிலிருந்து புல்லை வேரோடு பத்தை பத்தையாக வெட்டி வந்து, பாதை முழுக்கப் பதித்தேன். "எங்கிட்டயும் புல்லு நெறைய கெடக்கு, எடுத்துக்கப்பா" என்று அழகுமலையே சிரித்த முகத்தோடு மண்வெட்டி தந்தான். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? எவ்வளவு நல்ல மனுஷன் என்று நினைத்தேன்.

மழை பெய்தது. புல் வேர் பிடித்துவிட்டது.

வழக்கில் இடத்தைப் பார்த்து எழுதி வரச்சொல்லிக் கோர்ட்டார் ஒரு வக்கீலை அனுப்புவார்கள். கமிஷனர் என்று பெயர். அவர் வருகிற தேதி எனக்கும் வக்கீலய்யாவுக்கும் தெரியும். ஆனால் படப்பிடிப்பு இல்லாத நாள் என்றுதான் அதை ஞாபகத்தில் வைத்திருந்தோம்.

வந்தவர் ஸ்வேதா என்ற சின்ன வயது வக்கீலம்மா. மேலும் கீழும் பார்த்தார். "பாதை எங்கங்க?"

எங்கும் பச்சை. ஒரு தடம் இல்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. சின்னத்தாயி என்னைப் பார்த்த பார்வையை எந்தக் கேமராவும் தாங்காது.

"பாதையே கெடையாதுங்கம்மா. என்னைக்குமே இருந்ததில்ல" என்றான் அழகுமலை, கையைக் கட்டிக்கொண்டு.

வக்கீலய்யா எதுவும் வாதாடவில்லை. புல்லையே பார்த்துக்கொண்டு நின்றவர், துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார்: "அழகுமலை, மனசைத் தேத்திக்கப்பா. நீ மூட்டை தூக்கிட்டு வர்ற காட்சிய நான் வெட்டிட்டேன். படத்துல அது இல்ல."

"என்னது?" அழகுமலையின் கட்டின கை அவிழ்ந்தது. "ஏன்யா, வேர்க்க வேர்க்க இந்தப் பாதையில எத்தன தடவ ஏறி வந்தேன்! இந்தா, இங்கன வளையும், அந்தா அங்கன மேட்டுல ஏறும். கல்லு தடுக்கி விழுந்துகூட எந்திரிச்சேனேய்யா! அதப் போயி வெட்டிப்புட்டீகளா?"

கமிஷனரம்மா அவனையே பார்த்தார். பிறகு மெதுவாகப் பேனா மூடியைத் திறந்தார்.

வக்கீலய்யா தெரிந்து சொன்னாரா, மனசு தாங்காமல் சொன்னாரா? எனக்குக் கேட்கத் தைரியம் வரவில்லை. ஆனால் அன்றைக்கு அழகுமலை சொன்னது அப்படியே கோர்ட்டுக்குப் போனது. பாதை எங்களுக்குத்தான் என்று தீர்ப்பும் வந்தது. சின்னத்தாயி பழனி இருக்கும் திசை பார்த்து விழுந்து கும்பிட்டாள்.

நானா? நான் வக்கீலய்யா பின்னாடியே ஓடினேன்.

"ஐயா, அவன் காட்சியத்தான வெட்டுனீங்க? என்னுது இருக்குல்ல?"

பாதையில் புல் இன்னும் கிடக்கிறது. "வெரசா செதுக்குங்க, பூண்டு இறக்கணும்" என்று சின்னத்தாயி தினமும் கத்துகிறாள். இன்னும் ஒரே ஒரு காட்சி பாக்கி இருக்கிறது என்கிறேன்.

அழகுமலையும் நானும் அற்பர்கள் என்று நீங்கள் சொல்லலாம். சரி, உண்மையைச் சொல்லுங்கள்: இவ்வளவு நேரம் படித்தீர்களே, இதைப் படமாக எடுத்தால் நமக்கு எந்த வேஷம் பொருந்தும் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லையா? நினைத்திருந்தால் கூச்சப்பட வேண்டாம். வெள்ளனே கிளம்பி வாருங்கள். காலை வெளிச்சம்தான் முகத்துக்கு நல்லது. ஆனால் வாய் பேசாத விவசாயிக்கு ஆள் போட்டாயிற்று. அதைக் கேட்காதீர்கள்.